பேனுக்காக வெட்டிய முடி

தன் தலையில் இருக்கும் பேனைத் தானே எடுக்க முடியாது. கொழும்பில் பிரசவம் பார்க்கப் படித்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவிச்சியாக வந்து, முதல் மழைக்காலம் பிடித்துக்கொண்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் போகிற வீடுகளில் எல்லாம் பேன் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட லயத்தில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே குளிருக்கு ஒரே கம்பளியில் ஒண்டிக்கொண்டு தூங்கும். வலி எடுத்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், தோளில் தலையைச் சாய்ப்பாள். அந்த நேரத்தில் தள்ளிப் படு என்று சொல்லவா முடியும்? கொழும்பில் மேட்ரன் எங்களுக்குப் போட்ட விதிகள் இன்னும் வரிசையாக நினைவில் நிற்கின்றன. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல் கூடாது. முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். தலையில் பேன் உள்ளவள் பச்சைக் குழந்தையைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு இல்லை என்றே அப்போது நினைத்திருந்தேன். அக்கா என்னுடன் இருந்தவரை என் தலையில் ஓர் ஈர்கூடத் தங்கியதில்லை.

அப்பா பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. தினமும் காலையில் என்னைக் கீழே உட்காரவைத்து, முழங்கால்கள் இரண்டாலும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை தொங்கும் என் முடியைச் சீவிப் பின்னுவாள். அசைந்தால் சீப்பின் முதுகால் ஒரு தட்டு. ஊர்க் கதை, கடைக் கதை, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதெல்லாம் அப்போதுதான் பேசுவாள். அவள் முகத்தைவிட அவள் குரல்தான் எனக்கு அதிகம் பழக்கம். அது எப்போதும் பின்னாலிருந்து வரும்.

அவளை லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கடுத்த வருஷம் அப்பாவும் காலமானார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சிபாரிசு செய்து என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பண்டாரவளை வரை அக்காவும் அவள் புருஷனும் வந்து வண்டி ஏற்றிவிட்டார்கள். அன்று காலை அவள் என் பின்னலைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை பின்னினாள்.

படித்து முடித்ததும் பசறையில் வேலை வேண்டும் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையே ஒரே பாதை, மாட்டு வண்டியில் அரை நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரலாம், அவளும் வந்து போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது அக்காவின் மாமியாரை.

அக்காவுக்குக் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. பிள்ளைப்பேற்றுத் தீட்டு எல்லாத் தீட்டிலும் கடுமையானது, மருத்துவிச்சி நாளெல்லாம் அதிலேயே புழங்குகிறவள், பிள்ளைக்குக் காத்திருக்கும் மருமகள் அவள் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது, அவளும் இங்கே வரக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லையாம். என்னைப் பற்றி நல்லவிதமாகவே பேசுவாராம். இருந்தாலும் கூடாது. இப்படியாக, கொழும்பில் இருந்தபோது இருந்த தூரம் அரை நாள் தூரத்திலும் அப்படியே இருந்தது.

எனக்குப் பின்னல் போட இங்கே ஆள் இல்லாமல் இல்லை. ஞாயிறு மத்தியானம் லயத்து வாசல்களில் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் இருப்பவள் தனக்கு முன்னால் இருப்பவளுக்குப் பேன் பார்ப்பாள், அவள் அடுத்தவளுக்கு. வாய் ஓயாது. கங்காணி நடக்கிற நடையை ஒருத்தி நடித்துக் காட்டுவாள், மற்றவர்கள் தலையை அசைக்காமல் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் அந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்தேன். என் பின்னால் இருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் அவளுக்குப் பின்னால் இருந்தவளும் எழுந்தாள். அப்படியே வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. "நர்ஸம்மா கீழ உக்காராதீங்க" என்று உள்ளே ஓடி ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் பலகையில் உட்கார்ந்தேன். அவர்கள் கைகட்டி நின்றார்கள். சிறிது நேரம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பேனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். வேப்பெண்ணெய் தடவினேன். மண்ணெண்ணெய் தடவித் துணி கட்டினேன். பேன் சீப்பால் கை வலிக்கச் சீவினேன். முன்பக்கமும் காதோரமும் சுத்தமாகும். பிடரி என் கைக்கு எட்டினாலும் கண்ணுக்கு எட்டாது, அங்கிருந்து மறுபடியும் கிளம்பிவிடும். மழையில் அவ்வளவு முடியும் காயவும் காயாது. எந்நேரமும் முதுகில் ஈரமான பாரம், தலைவலி. ஒரு பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போனேன். குழந்தையை வாங்கும்போது அந்தத் துணிக்குள் ஏதோ ஊர்ந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வெட்டுவது என்று ஆனபின் எப்படி வெட்டுவது என்று யோசிக்க வேண்டுமல்லவா? பங்களாவிலிருந்து தோட்டத் துரையின் மனைவி, துரைசாணி, மருந்துப் பொடி மடிப்பதற்காகப் பழைய ஆங்கிலப் படப் பத்திரிகைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம். அவற்றில் சீமைப் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் மூன்று மாதிரிகளைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று என் முகத்தையும் ஒரு நோயாளியின் முகத்தைப் போல நிதானமாகப் பரிசோதித்தேன். நெற்றி குறுகல். கன்னம் சதைப்பற்று. காது கொஞ்சம் விரிந்தது. மோவாய் சிறியது. கழுத்து மட்டும் நீளம், ஆனால் பின்னல் தொங்கிய கழுத்தை நானும் பார்த்ததில்லை, மற்றவர்களும் பார்த்ததில்லை.

பையன்களைப் போலப் பிடரியை ஒட்ட வெட்டும் மாதிரி ஆகாது, காது காட்டிக்கொடுத்துவிடும். முன்முடியை நெற்றியில் நேராக நறுக்கும் மாதிரியும் ஆகாது, இருக்கிற நெற்றியும் போய்விடும். மூன்றாவதுதான் சரி: இடது பக்கம் வகிடு எடுத்து நெற்றியை அகலமாகக் காட்டுவது, முடியைத் தாடைக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது, வலது பக்கம் கன்னத்தின் மேல் விழவிட்டு அதன் சதையை மறைப்பது. பேனுக்காக வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு காயத்தைத் தைத்தாலும் நேராகத்தான் தைப்பேன்.

முடியை நனைத்துச் சீவி, பிடரியில் கட்டுத்துணி நாடாவால் இறுகக் கட்டினேன். ஆஸ்பத்திரிக் கத்திரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்திருந்தேன். நாடாவுக்குக் கீழே கத்திரி வைத்தபோது அது ஒரேயடியாக வெட்டவில்லை, கயிற்றை அறுப்பதுபோல நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. அறுந்து முடிந்ததும் தலை தானாக முன்னால் சாய்ந்தது. அவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறேன். பிறகு பக்கங்கள். கர்ப்பிணியின் வயிற்றில் பிள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல் வைத்து அளப்பது எங்கள் வழக்கம். அதே விரல்களைக் காது மடலுக்குக் கீழே படுக்க வைத்து, மூன்று விரல் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டினேன். பின்பக்கத்துக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும். அது இல்லாததால் கை போன போக்கில் போனது.

முடி காய்ந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. நீளமாக இருந்தபோது பாரத்தால் நேராகத் தொங்கிய முடி, பாரம் போனதும் மேலெழுந்து லேசாகச் சுருண்டது. கண்ணாடியில் இருந்தவள் எனக்குப் புதியவள். நன்றாக இருக்கிறது என்றுதான் பட்டது. நன்றாக இருக்கிறதா என்று திரும்பிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. வெட்டிய முடியை அடுப்பில் போட்டேன், பேனும் ஈருமாக அதை வைத்திருக்க முடியாது.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆயா என்னைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். யாருக்காக நேர்ந்துகொண்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டுதல் எதுவும் இல்லை, பேன் தொல்லை என்றேன்.

"ஆமாங்க. வெளியில சொல்லக் கூடாதுதாங்க" என்றாள்.

தோட்டம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. மலைநாட்டில் கல்யாணமாகாத ஒரு பெண் முடி குறைத்தால் அதற்கு இரண்டே காரணம்தான் தெரியும். ஒன்று பெரிய காய்ச்சல், எனக்குக் காய்ச்சல் வரவில்லை. மற்றது சாமிக்கு நேர்ந்த முடி. நேர்ந்துகொண்டவள் அதை வாய்விட்டுச் சொன்னால் பலன் போய்விடும் என்பதால், நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு உறுதிப்பட்டது. யாருக்காக என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். தாயும் தகப்பனும் இல்லாதவள். இருப்பது ஒரே அக்கா. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே இது முடிவாகியிருந்தது.

தோட்டம் தோட்டமாக வளையல் விற்றுக்கொண்டு போகிற ஒருவர் அந்த வாரம் வந்தார். தோளில் வளையல் சரம், கையில் குடை. எங்கள் மலைக்கும் லுணுகலை மலைகளுக்கும் அவர்தான் செய்தி. என் தலையை ஒரு தடவை பார்த்தார், ஆயாவிடம் இரண்டு வார்த்தை பேசினார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் கழிந்து, என் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அக்காவின் மாமியார். கையில் தேங்காய், மஞ்சள், கதம்பம். அவருக்குப் பின்னால் அக்கா. அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ஓடினேன். மாமியார் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அப்பிடியே நில்லு தாயி. கிட்ட வராத. ஒந் தலைய மட்டும் பாத்துக்கறேன்." பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "மொழங்கால் வரைக்கும் கெடந்த முடி. எம் மருமகளுக்காகக் குடுத்துட்டியே. குடுத்தவள நேர்ல வந்து கும்புடலன்னா எங்களுக்குப் பலிக்குமா?"

"அத்தை, வேண்டுதல் இல்லைங்க. பேன் புடிச்சிருச்சு, வெட்டிட்டேன்."

"அப்பிடித்தான் சொல்லணும்." அவருக்கு என் மேல் மரியாதை கூடியது தெரிந்தது. "முடிய என்ன பண்ணுன? கதிர்காமத்து முருகனுக்குக் குடுத்து விட்டியா?"

"அடுப்புல போட்டேன்."

முடியை வீட்டு அடுப்பில் எரிப்பது ஆகாத காரியம். இதோடு எல்லாம் முடிந்தது, திட்டிவிட்டு அக்காவையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த தேங்காயோடு என்னைக் கும்பிட்டார்.

"அக்கினிக்கே குடுத்துட்டியா" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு, தீட்டு வீட்டுக்குள் தான் வரமாட்டேன் என்றும், மருமகள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வரட்டும், திரும்பியதும் தலைக்கு ஊற்றிக்கொண்டால் போதும் என்றும் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கதவைச் சாத்தியதும் அக்கா முந்தானையை எடுத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்திருந்தது.

"சாமிக்குக் குடுக்கறவ ஒரு பக்கமா வகிடு எடுத்து, கன்னத்துல வந்து விழற மாதிரி அளவு பாத்தாடி வெட்டுவா?"

"நல்லா இருக்கா?"

அவள் என்னைச் சுற்றி வந்தாள். "முன்னால ராணி மாதிரி இருக்க. பின்னால எலி கடிச்சிருக்கு. உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் முழங்கால் இரண்டும் என் தோளை இறுக்கின. பிடரியில் சீப்பு இறங்கியது. கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். நறுக் நறுக்கென்று பின்பக்கத்தை ஒழுங்கு செய்தாள். அது முடிந்த பிறகும் என்னை விடவில்லை. முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடி குட்டையானதும் பேன் சீப்பு பிடரியில் வேரோடு இறங்கியது, பேன் எல்லாம் போய்விட்டது என்றேன். தெரியும், சும்மா இரு என்றாள். குரல் பழையபடி பின்னாலிருந்து வந்தது. மாமியாரைப் போலப் பேசிக் காட்டினாள், புருஷன் குறட்டை விடுவதைச் சொன்னாள், லுணுகலைச் சந்தையில் கருவாடு நாறுவதைச் சொன்னாள். பிறகு அவள் விரல்கள் என் பிடரியில் நின்றன.

"இப்பவும் ரெண்டு மாசமா குளிக்கல" என்றாள். "இன்னும் யாருக்கும் சொல்லல."

திரும்ப முயன்றேன். முழங்காலால் என்னைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். போன தடவைகளில் முதலில் வலியா, உதிரமா? தண்ணீர் சுமந்தாயா? காய்ச்சல் வந்ததா? என் பின்தலையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் உறவில் ஏதோ விசேஷத்துக்கு என்று வண்டியில் அலைக்கழித்திருக்கிறார்கள். இந்தத் தடவை அதே மாதத்தில், அதே வண்டியில், என்னைப் பார்க்க வந்திருக்கிறாள்.

"நீ திரும்பிப் போகக் கூடாது. இங்க என்கூடப் படுத்துக் கெட" என்றேன்.

"கேட்டுப் பாரு" என்றாள். "நீ கேட்டா ஒருவேளை."

வெளியே போனேன். விஷயத்தைச் சொன்னேன். மாமியார் கழுத்துத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று மாதத்துக்கு அக்காவை என்னிடம் விடுங்கள், வண்டி குலுக்கல் ஆகாது, நான் இதற்கென்றே படித்தவள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். பிள்ளை உண்டான பிறகு தீட்டு வீட்டில் எப்படி விடுவது என்று அவர் கேட்டார். அவர் பயம் நடிப்பு அல்ல. இரண்டைப் பறிகொடுத்தவர் அவரும்தான். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"முடி குடுத்தவ கேக்கறேன் அத்தை. அக்காவ விட்டுட்டுப் போங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். மறுக்க முடியாமல் திணறுகிறார் என்றே நினைத்தேன்.

"சாமிக்குக் குடுத்துட்டு அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்கக் கூடாது தாயி" என்றார், மிகவும் அன்பாக. "கேட்டா குடுத்தது வீணாப் போயிரும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வண்டியில் வைக்கோலை இரண்டு மடங்காகப் பரப்பச் சொன்னேன். இறக்கத்தில் மாட்டை நடத்திப் போக வேண்டும், போனதும் படுக்கவைக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, உதிரம் கண்டால் அந்த நிமிஷமே ஆள் அனுப்ப வேண்டும் என்று வண்டிக்காரருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதையெல்லாம் அப்படியே செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா வைக்கோலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, கையை நீட்டி என் கன்னத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். காது தெரிந்திருக்கும். மறுபடியும் அதை எடுத்து முன்னால் விட்டாள்.

வண்டி போனபிறகு தேயிலைச் சரிவுகளில் அது வளைந்து வளைந்து தெரியும் இடங்களில் எல்லாம் நின்று பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் லுணுகலைப் பக்கமிருந்து ஆள் ஓடிவருகிறதா என்று ஒரு கண் பாதையிலேயே இருந்தது. ஆள் வரவில்லை. நாலாம் மாதம் ஆனது, ஐந்தாம் மாதம் ஆனது. இந்த மலையில் எத்தனையோ வயிறுகளை விரல் வைத்து அளந்தேன். அளக்கும்போதெல்லாம் அக்காவுக்கு இப்போது தொப்புளுக்கு இத்தனை விரல் மேலே இருக்கும் என்று மனம் தானாகச் சொல்லும். பிரசவத்துக்காவது கூப்பிடுவார்கள் என்று பையைத் தயாராக வைத்திருந்தேன். கத்திரி, நாடா, பஞ்சு, போரிக் பொடி, இரண்டு சுத்தமான துண்டு. வேண்டுதல் பலித்துக்கொண்டிருக்கும்போது அதன் நடுவில் தீட்டைக் கொண்டுவருவதா என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். கூப்பிடவில்லை.

பிறந்த செய்தியை வளையல்காரர் கொண்டுவந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டேன். எடை தெரியுமா, நன்றாக அழுததா, பால் குடிக்கிறதா என்று நான் கேட்டதற்கெல்லாம் அவர் தெரிந்தவரை சொன்னார். பிறகு சிரித்தார்.

"தலை நெறய முடிங்க, நர்ஸம்மா. பொறக்கும்போதே கழுத்து வரைக்கும் கெடந்துச்சாம். நீங்க குடுத்த முடிதான் திரும்பி வந்துருச்சுன்னு அங்க எல்லாரும் வந்து வந்து பாக்குறாங்க."

சுருள் முடியா, நேர் முடியா என்று கேட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை.